கல்லச்சில் வந்த 19ஆம் நூற்றாண்டுப் பயணநூல்கள்: சேகரிக்கத் தொடங்குபவருக்கு

லித்தோகிராஃபி எனப்படும் கல்லச்சு முறையில் அச்சான படங்களோடு 19ஆம் நூற்றாண்டில் வெளிவந்த பயணநூல்களைச் சேகரிக்கத் தொடங்க விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு பழைய புத்தக வியாபாரி ஓவியர் டேவிட் ராபர்ட்ஸின் எகிப்துப் படநூலின் தொகுதி ஒன்றை "வெளிவந்தபோதே தீட்டிய வண்ணம்" என்று சொல்லிக் காட்டியிருக்கிறார். அதன் தாள்கள் பைண்டிங்கை விட்டுக் கழன்று கிடக்கின்றன. அவரிடமே நீலகிரிக் காட்சிகள் சில உதிரித் தாள்களாகவும் இருக்கின்றன. எதைப் பார்த்து முடிவு செய்வது, எங்கிருந்து தொடங்குவது, கடலோர ஊரில் இவற்றை எப்படிக் காப்பது என்பவை உங்கள் கேள்விகள். அவற்றுக்கு இயன்றவரை முழுமையாகவே பதில் சொல்ல முயல்கிறேன்.

இந்தத் துறையில் ஒரு நூலின் பெயரையும் ஆண்டையும் மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு பிரதியைத்தான் விசாரிக்க வேண்டும். காரணம், இந்தப் பெரிய படநூல்கள் பலவும் முழுப் புத்தகமாக ஒரே நாளில் கடைக்கு வந்தவை அல்ல. முன்பணம் கட்டிய சந்தாதாரர்களுக்குப் பகுதி பகுதியாக, சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில், அனுப்பப்பட்டவை அவை. ஒரே படம் வெறும் சாயலோடு ஒரு விலைக்கும், முதல் அச்சுப் பிரதி என்ற பெயரில் இன்னொரு விலைக்கும், கையால் வண்ணம் தீட்டி மற்றொரு விலைக்கும் விற்கப்பட்டது. பகுதிகள் எல்லாம் வந்து சேர்ந்த பிறகு வாங்கியவரே தமக்குப் பிடித்த பைண்டரிடம் கொடுத்துக் கட்டிக்கொண்டார். அப்போது படங்களின் வரிசை மாறியதும் உண்டு, உரைப்பகுதி விடுபட்டதும் உண்டு. அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் வாரிசுகளும் வியாபாரிகளும் படங்களுக்குச் சட்டம் போடுபவர்களும் அதில் கை வைத்திருக்கிறார்கள். ஆகவே இரண்டு பிரதிகள் ஒன்றுபோல இருப்பதே அபூர்வம்.

எதையும் வாங்குவதற்கு முன் அச்சுமுறையைக் கண்ணால் அடையாளம் காணப் பழக வேண்டும். அலோயிஸ் செனெஃபெல்டர் 1790களின் இறுதியில் பவேரியாவில் கண்டுபிடித்த இந்த முறையில் செதுக்குவதற்கு எதுவும் இல்லை. சோல்ன்ஹோஃபன் சுரங்கத்தில் கிடைக்கும் நுண்ணிய சுண்ணாம்புக்கல்லை மணலிட்டுத் தேய்த்துச் சமப்படுத்தி, அதன்மேல் கொழுப்புச் சேர்ந்த கிரேயானால் வரைவார்கள். பிசினும் அமிலமும் கலந்த கரைசலைப் பூசிப் படத்தை நிலைப்படுத்திய பின் கல்லை ஈரப்படுத்தி மையுருளையை ஓட்டினால், ஈரமான இடம் மையைத் தள்ளிவிடும், வரைந்த இடம் மட்டும் மையை ஏற்கும். செப்புத் தகட்டில் செதுக்குவதற்கு அந்தத் தொழில் தெரிந்தவர் வேண்டும். கல்லில் வரைவதற்கு வரையத் தெரிந்தால் போதும். படைமருத்துவர்களும் அதிகாரிகளும் அவர்கள் வீட்டுப் பெண்களும் ஊர்சுற்றி வரைந்த படங்கள் 1820க்குப் பிறகு இவ்வளவு பெருகி நூலானதற்கு இதுவே அடிப்படை. லண்டனில் சார்ல்ஸ் ஹல்மண்டெல், பாரிஸில் கொடெஃப்ருவா எங்கெல்மன் ஆகியோரின் அச்சகங்கள் இதற்கு வழி திறந்தன. பட்னாவில் சர் சார்ல்ஸ் டாய்லி 1820களின் இறுதியிலேயே தம் வீட்டு ஆர்வத்துக்காக ஒரு கல்லச்சகம் நடத்தினார். சென்னையில் கான்ட்ஸ் குடும்பத்தாரும் அதே காலத்தில் கல்லச்சில் படங்களை வெளியிட்டார்கள்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று உங்கள் சட்டைப்பையில் எப்போதும் இருக்கட்டும். கல்லச்சுப் படத்தின் நிழற்பகுதியில் அதை வைத்துப் பார்த்தால், சொரசொரப்பான கல்லின் மேடுகளில் மட்டும் கிரேயான் பட்டதால் உண்டான ஒழுங்கற்ற கரும்பொடி தெரியும். எந்த இரண்டு பொடியும் ஒரே வடிவில் இராது. செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிடும் அக்வாடின்ட் படத்தில் இதற்கு மாறாக, வெள்ளைத் தீவுகளைச் சுற்றிக் கருமை வலைபோலப் பின்னியிருக்கும். தாளில் தகடு அழுந்திய விளிம்பும் தெரியலாம். எஃகுத் தகட்டுப் படத்தில் தெளிவான மெல்லிய கோடுகள் மட்டுமே இருக்கும். இன்றைய ஆஃப்செட் நகலில் நான்கு நிறப் புள்ளிகள் ஒழுங்காக வட்டமிட்டு நிற்கும். அதைக் கண்டவுடன் பேச்சை முடித்துக்கொள்ளலாம். தகட்டின் அழுத்த விளிம்பு கல்லச்சில் இராது என்பது பொதுவிதி. ஆனால் மெல்லிய சீனத்தாளில் அச்சிட்டுக் கனத்த தாளில் ஒட்டிய பிரதிகளில் அந்த ஒட்டின் விளிம்பே தகட்டின் தடம்போலத் தோற்றம் தரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் பழைய படம் என்றாலே "லித்தோ" என்று சொல்லிவிடும் பழக்கம் இருக்கிறது. தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் 1795 முதல் 1808 வரை வெளியிட்ட 144 படங்கள் கொண்ட பெருந்தொகுப்பில் மதுரையும் தஞ்சையும் திருச்சியும் இருப்பதால், அதன் தாள்கள் இங்கே அடிக்கடி விற்பனைக்கு வருகின்றன. அவை அத்தனையும் அக்வாடின்ட். அவற்றைக் கல்லச்சு என்று சொல்லி விற்பவருக்குச் சரக்கு தெரியவில்லை, அல்லது அவர் கையில் இருப்பது பிற்கால நகல்.

வண்ணத்தைப் பற்றிய குழப்பம் இன்னும் பெரியது. ஒரு கல்லச்சுப் படத்தில் நிறம் மூன்று வழிகளில் வரலாம். முதலாவது சாயல் கல்: கறுப்புப் படத்துக்கு மேல் மங்கிய மஞ்சளோ வெளிர் பழுப்போ இன்னொரு கல்லிலிருந்து பரவலாக அச்சாகியிருக்கும், வானத்துக்கென நீலச் சாயல் தரும் கல் ஒன்று கூடுதலாக இருப்பதும் உண்டு. மேகத்தின் ஓரம், சுவரில் விழும் வெயில், ஓடும் நீரின் மினுக்கு ஆகிய இடங்களில் அந்தச் சாயலைச் சுரண்டி விட்டிருப்பார்கள். அங்கே தெரியும் வெண்மை தாளின் சொந்த வெண்மை. இரண்டாவது, அச்சான படத்தின் மேல் நீர்வண்ணத்தைக் கையால் தீட்டுவது. மூன்றாவது குரோமோலித்தோகிராஃபி: ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல். எங்கெல்மன் 1837இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். தாமஸ் ஷாட்டர் பாய்ஸ் வரைந்து 1839இல் வெளிவந்த பாரிஸ், கெண்ட், ஆண்ட்வெர்ப், ரூவான் நகரக் காட்சிகள் இம்முறையின் முதல் பெரும் சாதனை. கையால் தீட்டிய நிறம் கோட்டைச் சற்றுத் தாண்டும், தூரிகை நின்ற இடத்தில் விளிம்பு கட்டும், கரிய இடங்களுக்கு ஆழம் தரப் பூசிய பிசின் சாய்த்துப் பார்த்தால் பளபளக்கும். குரோமோவில் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருப்பதும், கல் ஒரு மயிரளவு விலகிய இடங்களும் லென்ஸில் தெரிந்துவிடும்.

பழைய வண்ணமா, போன தலைமுறையில் சட்டத்துக்காகத் தீட்டியதா என்று பிரிப்பதற்கு ஒற்றைச் சோதனை கிடையாது. தடயங்களைக் கூட்டித்தான் பார்க்க வேண்டும். கல்லச்சுத் தாள் மென்மையானது. காலப்போக்கில் அதன் பசைக்கட்டு இன்னும் தளர்ந்துவிடுவதால், பிற்காலத்தில் தீட்டிய நிறம் தாளுக்குள் ஊறிப் பின்பக்கத்தில் நிழலாகத் தெரியும். பழுப்புப் புள்ளி விழுந்த இடத்தை லென்ஸில் பாருங்கள்: புள்ளிக்கு மேல் நிறம் படிந்திருந்தால் நிறம் பின்னால் வந்தது. பழைய தீட்டலில் ஈய வெள்ளை வைத்த இடங்கள் சில வேளை சாம்பலாகக் கறுத்திருக்கும். அதை வியாபாரி குறையாகச் சொல்லி வருந்தினாலும் உங்களுக்கு அது நல்ல சாட்சி.

இனி ராபர்ட்ஸ். எடின்பரோவுக்கு அருகே செருப்புத் தைப்பவரின் மகனாகப் பிறந்து, நாடகத் திரை வரைந்து பிழைத்து, பின்னர் ராயல் அகாடமி ஓவியரான இவர், 1838 செப்டம்பரில் அலெக்சாந்திரியாவில் இறங்கி, நைல் நதியில் நூபியா வரை சென்று திரும்பி, 1839இல் சினாய், பெட்ரா வழியாக எருசலேமுக்குப் போனார். அந்தப் படங்களைப் பதிப்பாளர் எஃப். ஜி. மூன் 1842 முதல் 1849 வரை பகுதி பகுதியாக வெளியிட்டார். புனித பூமி பற்றிய தொகுதிகளுக்கு ஜார்ஜ் குரோலியும், 1846 முதல் 1849 வரை வந்த எகிப்து, நூபியா தொகுதிகளுக்கு வில்லியம் பிரோக்கெடனும் உரை எழுதினார்கள். ஆறு தொகுதிகளில் 240க்கு மேற்பட்ட படங்கள். அவற்றைக் கல்லில் வரைந்தவர் ராபர்ட்ஸ் அல்லர், டே அண்ட் ஹேக் அச்சகத்தின் பங்காளியான லூயி ஹேக். பெல்ஜியத்தில் துர்னே நகரில் பிறந்த ஹேக்குக்கு வலது கை பிறவியிலேயே ஊனம். இந்தப் பெரும்பணியை அவர் இடது கையால் செய்து முடித்தார். ராபர்ட்ஸின் படம் என்று நாம் வியக்கும் கர்னாக் தூண்களின் நிழலும் கற்பரப்பின் தேய்மானமும் கல்லின்மேல் ஹேக்கின் கை எழுப்பியவை. நூலின் பெருமையில் பாதியை அவருக்குத் தரவேண்டும் என்பது என் எண்ணம்.

உங்கள் வியாபாரி காட்டிய தொகுதியைச் சோதிக்க இந்த வெளியீட்டு வரலாறே உதவும். சாதாரணப் பதிப்பில் முழுப்பக்கப் படங்கள் தனித் தாளிலும், அரைப்பக்கப் படங்கள் கீழே உரையோடு அதே பக்கத்திலும் இருக்கும். நிறம் சாயல் கற்களால் வந்தது மட்டுமே. பதிப்பாளரே வண்ணம் தீட்டி இரு மடங்கு விலைக்கு விற்ற உயர்வகைப் பிரதியில் ஒவ்வொரு படமும் ஓரத்தோடு வெட்டப்பட்டு, நீர்வண்ண ஓவியம் போலத் தோன்றும்படி கெட்டி அட்டையில் ஒட்டப்பட்டிருக்கும். ஆகவே உரைக்கு மேலே அரைப்பக்கப் படம் இருந்து அதில் வண்ணமும் இருக்குமானால், அது சாதாரணப் பிரதி. வண்ணம் பெரும்பாலும் பின்னால் யாரோ தீட்டியது. அது அழகாக இருக்கலாம். ஆனால் அதற்குப் பதிப்பாளர் வண்ணத்தின் விலையைக் கொடுக்கக் கூடாது. என்னைக் கேட்டால், வண்ணம் தொடாத நல்ல சாயல் பிரதியே ஹேக்கின் கைவேலையை முழுமையாகக் காட்டுகிறது. நீர்வண்ணம் அவருடைய கரும்பொடிக்கு மேல் ஒரு திரைபோலப் படிந்து நுட்பத்தைக் குறைத்துவிடுகிறது. இந்தக் கருத்தோடு ஏல நிறுவனங்களின் விலைப்பட்டியல் ஒத்துப்போகாது.

அளவையும் பாருங்கள். முதல் பதிப்பு ஏறத்தாழ 60 செ.மீ. உயரமுள்ள பேரேட்டு அளவு. டே அண்ட் சன் நிறுவனம் 1855-56இல் வெளியிட்ட சிறுபதிப்பு அதில் ஏறக்குறைய பாதி உயரம்தான் இருக்கும். படங்களும் அதற்கேற்பச் சுருக்கி அச்சிடப்பட்டவை. இது தன்னளவில் நல்ல நூல், தொடக்கநிலைச் சேகரிப்பாளருக்கு ஏற்றதும்கூட. ஆனால் இதன் தாளை முதல் பதிப்பின் தாள் என்று சொல்லி விற்பது இன்றும் நடக்கிறது. "மூலக் கல்லிலிருந்து இப்போது எடுத்த அச்சு" என்று யாராவது சொன்னால் நம்பவே வேண்டாம்: 1853இல் மூனின் இருப்பு ஏலத்துக்கு வந்தபோது, இனி எவரும் மறு அச்சு எடுக்கக் கூடாதென்று கற்கள் அழிக்கப்பட்டன. தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சில வேளை நீரெழுத்தில் உற்பத்தியாளர் பெயரோடு ஆண்டும் தெரியும்; அந்த ஆண்டு நூலின் ஆண்டுக்குப் பிந்தியதாக இருந்தால் விளக்கம் கேளுங்கள்.

தாள்கள் கழன்று கிடப்பது உங்களைக் கலவரப்படுத்தியிருக்கிறது. அதற்குப் பெரும்பாலும் எளிய காரணம் உண்டு. வில்லியம் ஹான்காக் 1836இல் காப்புரிமை பெற்ற ரப்பர் பைண்டிங் முறையில் தாள்களைத் தைப்பதில்லை. முதுகை வெட்டிச் சமப்படுத்தி ரப்பர் பசையால் ஒட்டிவிடுவார்கள். படத்தாள்கள் மடிப்பு இல்லாத ஒற்றைத் தாள்கள் என்பதால் படநூல் பதிப்பாளர்களுக்கு இது மிகவும் வசதியாக இருந்தது. நூல் தட்டையாகவும் திறந்தது. ஆனால் சில பத்தாண்டுகளில் ரப்பர் காய்ந்து பொடியாகி, புத்தகம் முழுவதும் அட்டைக்குள் உதிரித் தாள்களாகிவிடும். இப்படிக் கழன்ற பிரதி கெட்டுப்போன பிரதி அல்ல. உள்விளிம்பு நேராக, பழுப்பேறிய பசையின் பொடியோடு இருந்தால் அது பைண்டிங்கின் இயல்பான சிதைவு. ஒவ்வொரு தாளுக்கும் துணி அல்லது தாள் பட்டை ஒட்டித் தைத்துக் கட்டத் தெரிந்த பைண்டர் அதைச் சரிசெய்துவிடுவார். உள்விளிம்பு கோணலாகவோ புதிதாகக் கத்தி பட்டு வெளுப்பாகவோ இருந்தால், யாரோ தாள்களைப் பிரித்தெடுத்து விற்கத் தொடங்கியிருக்கிறார் என்று பொருள். அப்போது படப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாக எண்ணுங்கள். முதலில் காணாமற்போவது சுவரில் மாட்ட ஏற்றவைதாம்: ஸ்ஃபிங்ஸ், அபு சிம்பெல், பிலே தீவு. எஞ்சியிருக்கும் நூலில் உரையும் இடிபாடுகளும் மட்டும் கிடக்கும்.

நூலைப் பிரித்துத் தாள்தாளாக விற்கும் வழக்கத்தை நான் வெறுக்கிறேன், அதை மறைக்கப்போவதில்லை. 240 படங்களைத் தனித்தனியே விற்றால் முழு நூலின் விலையைக் காட்டிலும் அதிகம் கிடைக்கும் என்ற கணக்கு ஒன்றே அதற்குக் காரணம். அதன் விளைவாக, படம் எந்த நாளில் எங்கே நின்று வரையப்பட்டது, அந்த இடம் அப்போது யார் ஆட்சியில் இருந்தது, ஓவியர் எந்த வழியாக வந்தார் என்பதெல்லாம் அறுந்து, ஒட்டகமும் தூணும் உள்ள அலங்காரத் தாள் ஒன்றுதான் மிஞ்சுகிறது. பயணநூல் என்பதன் பொருளே வரிசையில் இருக்கிறது. ஏற்கெனவே உதிர்ந்த தாளை வாங்குவதில் குற்றமில்லை. ஆனால் ஒரு பெரிய நூலின் நான்கு தாள்களுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு சிறிய நூலை முழுமையாக வாங்க முடியுமானால், சிறிய நூலையே வாங்குங்கள்.

அப்படிப்பட்ட சிறிய நூல்கள் நிறைய உண்டு. எட்வர்ட் லியரின் அல்பேனியப் பயணக்குறிப்பு (1851) 20 சாயல் படங்களோடும், அதற்கடுத்த ஆண்டில் வந்த தென் கலாப்ரியாப் பயணக்குறிப்பு அதே எண்ணிக்கைப் படங்களோடும் கையடக்கமான அளவில் வந்தவை. லியர் படம் வரைந்தவர், கல்லில் வரைந்தவர், உரை எழுதியவர் என்று மூன்றுமாக இருந்தார். உரையும் பிரமாதம், பேன் கடியும் குடிகாரச் சத்திரக்காரரும் நிறைந்த அந்த எழுத்தைப் படங்களுக்காக மட்டும் வாங்கியவர்கள் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். 1873 முதல் 1875 வரை அவர் இந்தியாவிலும் இலங்கையிலும் சுற்றி, காஞ்சிபுரம், மாமல்லபுரம், தஞ்சை எல்லாம் பார்த்து ஏராளமாக வரைந்தார். ஆனால் அதிலிருந்து அவர் ஒரு கல்லச்சு நூல்கூடக் கொண்டுவரவில்லை. நமக்கு அது பெரிய இழப்பு.

இந்திய விஷயம் வேண்டுமென்றால் படைமருத்துவர் ஜேம்ஸ் அட்கின்சன் ஆஃப்கானிஸ்தான் படையெடுப்பின்போது வரைந்து 1842இல் வெளியிட்ட தொகுப்பு நல்ல தேர்வு. ஹேக்கின் அச்சகத்தில் உருவான அந்தப் படங்களில் போலான் கணவாயின் பாறைகளுக்கிடையே ஒட்டகங்களும் பீரங்கிகளும் எறும்புச் சாரையாக இறங்குவதைப் பார்க்கலாம். கவர்னர் ஜெனரல் ஆக்லந்தின் தங்கை எமிலி ஈடன் 1844இல் வெளியிட்ட, மன்னர்களும் மக்களும் அடங்கிய 24 படத்தாள்கள் விலையில் மிக உயர்ந்தவை. வில்லியம் சிம்ப்சனின் இந்தியப் படநூல் (1867) வேறொரு காரணத்துக்காக முக்கியம். 1857க்குப் பிறகு இந்தியாவை முழுமையாக வரைந்து வரும்படி டே அண்ட் சன் அவரை 1859இல் அனுப்பியது; 250 படங்கள் என்பது திட்டம். அவர் திரும்பிவந்து ஆண்டுக்கணக்கில் உழைத்து நீர்வண்ணங்களை முடித்துக்கொண்டிருந்தபோது நிறுவனமே நொடித்துப்போனது. அவருடைய ஓவியங்கள் கடன்பட்ட நிறுவனத்தின் சொத்தாகக் கணக்கிடப்பட்டு விற்கப்பட்டன. 50 படங்கள் மட்டும் குரோமோவாக வெளிவந்தன. அதற்குள் புகைப்படம் இந்தச் சந்தையைப் பிடித்துவிட்டது. பெரிய கல்லச்சுப் பயணநூல்களின் காலம் எங்கே முடிந்தது என்று காட்ட இதைவிடச் சரியான நூல் இல்லை.

இதற்கு நேர்மாறான முனையில், அமெரிக்க அரசு 1856இல் வெளியிட்ட, கடற்படைத் தளபதி பெர்ரியின் ஜப்பான் பயண அறிக்கை இருக்கிறது. அரசு வெளியீடு என்பதால் ஆயிரக்கணக்கில் அச்சாகி, இன்றும் எளிதில் கிடைக்கிறது. அதில் ஷிமோடா நகரப் பொதுக் குளியலறையைக் காட்டும் ஒரு படம் ஆபாசம் என்று கருதப்பட்டுப் பெரும்பாலான பிரதிகளில் நீக்கப்பட்டது. அந்த ஒரு தாள் இருக்கிறதா இல்லையா என்பதே விலையைத் தீர்மானிக்கிறது. மத்திய அமெரிக்க மாயா இடிபாடுகளை ஃபிரெடரிக் கேதர்வுட் வரைந்து 1844இல் வெளியிட்ட 25 படங்கள் 300 பிரதிகளே வந்தன. அதை வாங்கும் எண்ணத்தை நூலகத்தில் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நம்மில் பலருக்கு நல்லது.

ஒரு நூலில் எத்தனை படங்கள் இருக்க வேண்டும் என்று அறிய, மேஜர் ஜே. ஆர். அபி தம் சொந்தச் சேகரிப்புக்குத் தயாரித்து 1956-57இல் வெளியிட்ட அக்வாடின்ட், கல்லச்சுப் பயணநூல் அட்டவணையே இன்றும் அடிப்படை. வியாபாரிகள் நூல் விவரத்தில் "அபி" என்று எண் குறிப்பது இதைத்தான். அவருடைய நூல்கள் அமெரிக்கச் சேகரிப்பாளர் பால் மெலனிடம் போய், இன்று யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையத்தில் இருக்கின்றன. படங்களை ஒப்பிட அந்த மையத்தின் இணையத் தொகுப்பும், பிரிட்டிஷ் நூலகத்தின் தொகுப்பும், ராபர்ட்ஸுக்கு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தொகுப்பும் போதும். ஆனால் திரையில் பார்த்துக் கண் பழகாது. சென்னையில் இருந்தால் கன்னிமாரா நூலகத்தின் பழைய நூல்களுக்கும், கொல்கத்தா போக நேர்ந்தால் விக்டோரியா நினைவு மண்டபத்துக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள்.

பாதுகாப்பைப் பற்றி. கடலோர ஊரில் முதல் எதிரி ஈரப்பதம். பழுப்புப் புள்ளியும் பூஞ்சையும் அதன் பிள்ளைகள். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருப்பது நல்லது; அதைவிட முக்கியம் அது ஏறி இறங்காமல் இருப்பது. பகலில் ஏசி ஓடி இரவில் அணைக்கப்படும் அறையில் தாள் தினமும் சுருங்கி விரிகிறது. அதைக் காட்டிலும் ஏசியே இல்லாத, காற்றோட்டமுள்ள உள்ளறை மேல். இறுக்கமாக மூடிய மர பீரோவில் வைக்காதீர்கள். பேரேட்டு நூல்களை நிறுத்தி வைத்தால் அவற்றின் எடையே பைண்டிங்கைப் பிளந்துவிடும். படுக்கவைத்து, ஒன்றின்மேல் இரண்டுக்கு மேல் அடுக்காமல், அமிலமற்ற அட்டைப் பெட்டியில் வையுங்கள். இராமபாணப் பூச்சிக்கும் கரையானுக்கும் பீரோவைச் சுவரை விட்டுத் தள்ளி வைப்பதும், மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பதும் நாம் தெளிக்கும் எந்த மருந்தையும்விடப் பயன் தரும். வேப்பிலையைத் தாள்களுக்கு நடுவே செருகும் பழக்கம் வேண்டாம், அதன் சாறு கறையாகும். செல்லோ டேப், லேமினேஷன், செய்தித்தாள் சுற்று மூன்றும் விலக்கப்பட்டவை. புள்ளிகளை வெளுக்கச் செய்கிறேன் என்று யார் சொன்னாலும், கையால் வண்ணம் தீட்டிய படத்தை அவரிடம் கொடுக்காதீர்கள்.

சட்டம் ஒன்றையும் மனத்தில் கொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி நூறு ஆண்டைக் கடந்த கலைப்பொருள்களை இந்தியாவிலிருந்து வெளியே அனுப்பக் கட்டுப்பாடு இருக்கிறது. உள்நாட்டில் வாங்கியதைப் பின்னர் வெளிநாட்டில் விற்கவோ பரிசளிக்கவோ எண்ணினால், முன்னதாகவே இந்தியத் தொல்லியல் துறையிடம் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் நீலகிரித் தாள்களுக்கு வருகிறேன். உண்மையில் ராபர்ட்ஸைவிட அவைதாம் என்னை ஈர்க்கின்றன. கேப்டன் மெக்கர்டி 1830 வாக்கில் லண்டனில் வெளியிட்ட நீலகிரிக் காட்சிகள் கல்லச்சு. ரிச்சர்ட் பாரன் 1837இல் வெளியிட்டவை அக்வாடின்ட். பீகாக் என்ற இன்னொரு படை அதிகாரியின் நீலகிரிக் காட்சிகள் 1847இல் மறுபடியும் கல்லச்சாக வந்தன. ஊட்டி ஏரியும் தோடர் குடியிருப்பான மந்தும் மூவருக்கும் பிடித்த பொருள்கள் என்பதால் தலைப்பை வைத்துப் பிரிக்க முடியாது. மேலே சொன்னபடி நிழற்பகுதியில் லென்ஸை வைத்து, ஒழுங்கற்ற பொடியா வலைப்பின்னலா என்று முதலில் பாருங்கள். பிறகு படத்தின் கீழ்விளிம்பில் இடப்பக்கம் வரைந்தவர் பெயரும், வலப்பக்கம் கல்லில் அல்லது தகட்டில் ஆக்கியவர் பெயரும், நடுவே பதிப்பாளர் முகவரியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சட்டத்துக்காக அந்த விளிம்பை வெட்டியிருந்தால் விலையில் பெரும்பகுதியைக் குறைத்துக் கேட்கலாம். தாள்கள் அனைத்தும் ஒரே தொகுப்பைச் சேர்ந்தவையாக இருந்து, உறையோ உரைத்தாளோ ஒன்றேனும் கூட இருக்குமானால், ராபர்ட்ஸ் தொகுதியை வியாபாரியிடமே விட்டுவிட்டு இவற்றை வாங்குங்கள். வெவ்வேறு தொகுப்புகளிலிருந்து திரட்டியவை என்று தெரிந்தால், ஒவ்வொரு தாளின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சாய்வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள்; எது எந்த நூலின் தாள் என்று பார்த்துச் சொல்கிறேன்.